கறுப்பு மருதோன்றி என்று ஒன்று கிடையவே கிடையாது

இருபது நிமிடத்தில் நரைமுடியை மைக்கறுப்பாக்கித் தருகிற பொருள் மருதோன்றி இல்லை. கடைக்காரர் சாமிப்படத்தின் மேல் சத்தியம் பண்ணினாலும் இல்லை. பெட்டியில் பச்சை இலை வரைந்திருந்தாலும், "ஹேர்பல்" என்று தங்க எழுத்தில் அடித்திருந்தாலும் இல்லவே இல்லை. சொந்தக்காரருக்கும் வேலையிடத்து ஆட்களுக்கும் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. இன்றைக்கு எழுதியே தீருவது என்று உட்கார்ந்திருக்கிறேன்.

கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியின் இரண்டு பக்கமும் நடந்து பாருங்கள். அழகுசாதனக் கடை, பார்மசி, சூப்பர்மார்க்கட் எதற்குள் நுழைந்தாலும் ஒரு தட்டு நிறையப் பச்சைப் பெட்டிகள். ஒன்றில் நெல்லிக்காய்ப் படம், இன்னொன்றில் செவ்வரத்தை, மற்றதில் இடுப்பு வரை முடி வைத்த பெண். "நூறு வீதம் இயற்கை." பெட்டியைத் திருப்பினால், கண்ணாடி போட்டாலும் வாசிக்க முடியாத பொடி எழுத்தில், அதுவும் ஆங்கிலத்தில் மட்டும், பாரா-பெனிலீன்டையமின். சுருக்கமாகப் பிபிடி. பெட்டிச் சாயங்களில் கறுப்பு நிறம் தருகிற அதே இரசாயனம்தான். சில பெட்டிகளில் அந்தப் பொடி எழுத்தும் இல்லை. என்ன சேர்த்திருக்கிறது என்று எந்த மொழியிலும் ஒரு வரி கிடையாது.

வெறும் இலைத்தூள் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். "இதுவும் மருதோன்றிதான் அக்கா. அது செம்பட்டையாய் வரும், இது கறுப்பாய் வரும். எல்லாரும் இதைத்தான் கொண்டு போகிறார்கள்." எல்லாரும் கொண்டு போனால் அது மருதோன்றி ஆகிவிடுமா? விற்கிறவருக்குத் தான் விற்பது என்னவென்று தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணமும் இல்லை. மறுகேள்வி கேட்டால் உடனே முகம் கோணுகிறது.

சரி, மருதோன்றி உண்மையில் என்ன செய்யும்? இலையில் இருக்கும் சாயத்துக்குப் பெயர் லாசோன். அது செம்மஞ்சள் நிறம், அவ்வளவுதான். முடியில் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தோடு போய்ப் பிணைந்துகொள்ளும். நரைமுடியில் பூசினால் செம்பு நிறம் வரும். கறுப்பு முடியில் பூசினால் வெயிலில் நிற்கும்போது மட்டும் ஒரு சிவப்பு மினுக்கம் தெரியும். தூளைக் குழைத்தவுடன் சாயம் வெளியே வராது. கொஞ்சம் புளிப்போ தேயிலைச் சாயமோ விட்டுக் குழைத்து மூடி வைத்தால், கொழும்பு வெக்கையில் சில மணித்தியாலத்தில் மேற்பரப்பு பழுப்பாக மாறும். அதன் பிறகுதான் பூச வேண்டும். தலையிலும் இரண்டு மூன்று மணித்தியாலமாவது இருக்க வேண்டும். கழுவியவுடன் பளிச்சென்ற நிறமாக இருந்து, காற்றுப்பட இரண்டு மூன்று நாளில் ஆழ்ந்து அடங்கும். இந்தப் பொறுமையெல்லாம் இல்லாமல் இருபது நிமிடத்தில் வேலை முடிகிறது என்றால், அங்கே வேலை செய்வது இலை இல்லை.

இலையை மட்டும் வைத்துக் கறுப்பாக்கவே முடியாதா என்றால், முடியும். அதற்கு அவுரி வேண்டும். முதலில் மருதோன்றி பூசிக் கழுவி, பிறகு அவுரித்தூளை வெறும் வெதுவெதுப்பான தண்ணீரில் குழைத்துப் பூச வேண்டும். அவுரி நீலம் தரும். செம்மஞ்சளின் மேல் நீலம் ஏற, மண்ணிறத்திலிருந்து கறுப்பு வரை போகலாம். மருதோன்றிக்கு நேர்மாறாக இதை ஊறவைக்கக் கூடாது. குழைத்துப் பதினைந்து இருபது நிமிடத்துக்குள் தலையில் ஏற்ற வேண்டும், பிந்தினால் நிறம் செத்துவிடும். நல்ல அவுரித்தூள் பச்சையாக இருக்கும், குழைத்தால் பச்சைப் பயற்றங்காய் மணக்கும். கறுப்புத் தூளாகவே பக்கற்றுக்குள் இருந்தால் அது அவுரி இல்லை. புறக்கோட்டை நாட்டுமருந்துக் கடைகளில் தேடினால் உண்மையான தூள் அகப்படுவதுண்டு. ஆனால் திறந்த சாக்கில் எத்தனை மாதம் ஈரக்காற்றுக் குடித்துக் கிடந்தது என்று யாருக்கும் தெரியாது. மருதோன்றித் தூளும் அப்படித்தான். பச்சையாக, காய்ந்த புல் மணத்தோடு இருக்க வேண்டியது, மண்ணிறமாகித் தூசி மணத்தோடு வருகிறது. சிலதில் எடை கூட்ட மணல் கலந்திருக்கிறார்கள், தலையில் தேய்க்கும்போது நறநறவென்று தெரியும். இன்னும் சிலது தண்ணீரில் போட்டவுடனேயே கடும் பச்சையாகக் கரைகிறது. இலை அப்படிக் கரையாது, அது சேர்த்த நிறம்.

ராஜஸ்தானில் சோஜத் என்ற ஊர் மருதோன்றிக்கென்றே பெயர்பெற்றது. அந்த மருதோன்றிக்கு 2021-இல், அந்த ஊருக்கே உரியது என்று புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே விளைந்த இலை கடல் தாண்டி இங்கே வர எவ்வளவு நேரம் எடுக்கும்? நல்ல சரக்கை இறக்க முடியாத தூரமா இது? எந்த ஆண்டு அறுவடை என்று ஒரு வரி அச்சடித்தால் என்ன குறைந்துவிடும்?

இனி எனக்கு இரத்தம் கொதிக்கிற விஷயத்துக்கு வருகிறேன். என் சின்னம்மா, மகளின் கலியாணத்துக்கு முன் தலைக்குப் பூச ஒரு பார்லருக்குப் போனா. காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில் இருக்கிறது. அவவுக்குப் பெட்டிச் சாயம் ஒத்துவராது, அது அவவுக்கே தெரியும். அதனால்தான் கதிரையில் இருக்க முதலே கேட்டிருக்கிறா, "பிள்ளை, கெமிக்கல் ஒன்றும் இல்லைத்தானே?" "ஐயோ இல்லை அன்ரி, சுத்த மருதோன்றி." அரை மணித்தியாலத்தில் தலை கருகருவென்று வந்துவிட்டது. அன்று இரவே நெற்றி ஓரம் அரிக்கத் தொடங்கியது. விடிய, இமை இரண்டும் வீங்கிக் கண் திறக்க முடியவில்லை. காதுக்குப் பின்னால் தோல் வெடித்து நீர் வடிந்தது. தோல் வைத்தியரிடம் கொண்டு ஓடி, ஊசியும் குளிசையும் பூச்சுமாக மகளின் கலியாணத்தைத் தாய் முக்காடு போட்டுக்கொண்டு பார்த்தா.

பார்லருக்குப் போய்க் கேட்டோம். என்ன பூசினீர்கள், பக்கற்றைக் காட்டுங்கள் என்றோம். காட்டவில்லை. "உங்களுக்கு உடம்புச் சூடு அன்ரி. இறால் ஏதும் சாப்பிட்டிருப்பீர்கள்." ஒரு மனுசி வாய்விட்டுக் கேட்டதற்குப் பொய் சொல்லி, அவவின் தலையில் அவவுக்கு ஒத்துவராததைப் பூசிவிட்டு, கடைசியில் இறாலில் பழி! அந்த முகத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

பிபிடி ஒவ்வாமை எல்லாருக்கும் வருவதில்லை. அதுதான் அதில் உள்ள ஆபத்தே. முதல் தடவை ஒன்றும் நடக்காது, பத்தாவது தடவையும் நடக்காமல் போகலாம். உடம்பு ஒருநாள் அதை எதிரியாகக் குறித்துக்கொள்ளும். குறித்துக்கொண்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க மறக்காது. பிறகு பெட்டிச் சாயம் மட்டுமில்லை, மரத்துப்போகப் பூசும் சில மருந்துகள், சில துணிச் சாயங்கள் பட்டாலும் தோல் கிளம்பும். அமெரிக்காவின் தொடுகைத் தோலழற்சி வைத்தியர் சங்கம் 2006-ஆம் ஆண்டுக்கான ஒவ்வாப்பொருளாக இதைத்தான் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும் கலவையில் இரண்டு வீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டம். சாதாரணப் பெட்டிச் சாயக்காரர்கூட 48 மணித்தியாலம் முன்னதாகத் தோலில் தொட்டுப் பார்க்கச் சொல்லி எழுதுகிறார்கள். இலைப்படம் போட்டவர்கள்தான் "பாதுகாப்பானது" என்று எழுதிவிட்டுப் போகிறார்கள்.

சாயம் பூசுகிறவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. தெரிந்து வாங்கி, தொட்டுப் பார்த்து, விரும்பிப் பூசுகிறவர் பூசட்டும். தெரியாமல் பூச வைக்கிறார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. சாயம் ஒத்துவராது என்று பயந்து இலையைத் தேடி வருகிறவர் தலையிலேயே அதைக் கொண்டுபோய்ப் பூசுகிறார்கள்.

பெருநாள், தீபாவளி நேரம் பிள்ளைகளின் கையில் கோனால் மருதோன்றி போடுகிறார்களே, அதிலும் "கறுப்பு" வந்துவிட்டது. தலைச்சாயத்தையே தோலில் போடுகிறார்கள். கொப்புளம் வந்து, கோலம் இருந்த இடத்தில் தழும்பு நின்ற பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய்மாரே, கோன் கறுப்பாக உடனே பிடிக்கிறது என்றால் பிள்ளையின் கையை இழுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணெய்க் கதை இன்னொரு எரிச்சல். "நரை மாறும்", "வேரிலிருந்து கறுக்கும்." எந்த எண்ணெயும் நரையைக் கறுப்பாக்காது. முடி வேரில் நிறம் செய்யும் கலங்கள் ஓய்ந்தால் முடி வெள்ளையாகத்தான் வரும், மேலே எதை ஊற்றினாலும் அவை எழும்பாது. எண்ணெயின் வேலை வேறு, அதுவும் நல்ல வேலைதான். 2003-இல் இந்திய ஆய்வாளர்கள் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் பூசி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டும்தான். அதில் இருக்கிற லோரிக் அமிலம் சிறியது, நேரானது, முடிக்குள்ளேயே இறங்கிவிடும். கனிம எண்ணெய் மேலே மினுங்கிக்கொண்டு நிற்கும். இப்போது பச்சை நிறத்தில் வாசனையோடு வரும் "மூலிகை எண்ணெய்" போத்தல்களைத் திருப்பிப் பாருங்கள். பலதில் முதலாவதாக எழுதியிருப்பது திரவப் பரஃபின், அதாவது அதே கனிம எண்ணெய். தேங்காய் விளைகிற நாட்டில் இருந்துகொண்டு, தலைக்குப் பெற்றோலியத்தில் பிறந்த எண்ணெயைக் காசு கொடுத்து வைக்கிறோம்!

சில்லறைத் தேங்காய் எண்ணெயை நம்பலாமா என்றால், அதிலும் பாமெண்ணெய் கலப்பு. 2021-இல் இறக்குமதியான தேங்காய் எண்ணெயில் அஃப்லாடொக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கண்டுபிடிக்கப்பட்டு நாடே கொதித்தது ஞாபகம் இருக்கும். வீட்டில் காய்ச்சலாம் என்றால், 2025 தொடக்கத்தில் ஒரு தேங்காய் 200 ரூபாவைத் தாண்டிவிட்டது. தொடர்மாடி வீட்டுச் சின்னக் குசினியில் பால் பிழிந்து, சுண்டக் காய்ச்சி, கறிவேப்பிலையும் கரிசலாங்கண்ணியும் போட்டு இறக்குவதற்கு யாருக்கு நேரமும் காசும் இருக்கிறது? அம்மம்மா காலத்து முழுக்கு எங்களுக்குக் கட்டுப்படியாகாமல் போய்விட்டது. அந்த இடைவெளிக்குள்தான் இந்தப் பச்சைப் போத்தல்காரர் புகுந்திருக்கிறார்.

பார்லர்காரர் செய்கிற இன்னொரு வேலையையும் சொல்ல வேண்டும். "தலை காயும்" என்று மருதோன்றிக் கலவைக்குள்ளேயே எண்ணெயை ஊற்றுகிறார்கள். எண்ணெய் படிந்த முடியில் சாயம் சரியாக ஏறாது. அப்புறம் "உங்கள் முடி பிடிக்காத முடி" என்று பழியும் எங்கள் மேல். எண்ணெய் இல்லாமல் கழுவிய தலையில் பூசுங்கள். மருதோன்றி முடியைக் கொஞ்சம் வரட்டத்தான் செய்யும், அதனால் கழுவி ஒரு நாள் விட்டு எண்ணெய் வையுங்கள், அப்போது முடி எப்படி மினுங்கும் தெரியுமா! நல்ல இலையும் நல்ல எண்ணெயும் சேர்ந்தால் வருகிற அந்தத் தடிப்பும் வழவழப்பும் எந்தப் போத்தலிலும் கிடையாது. அது தெரிந்ததால்தான் எனக்கு இவ்வளவு கோபம்.

பார்லரில் கலக்க முதல் பக்கற்றைக் கேளுங்கள். பிரிக்காத பக்கற்றாக உங்கள் கண் முன்னால் வெட்டச் சொல்லுங்கள். என்ன சேர்த்திருக்கிறது என்று எழுதாத பெட்டியைக் கடைத்தட்டில் கண்டால் படம் எடுத்துக்கொண்டு, பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் அழையுங்கள். அந்தச் சபையும் பொடி ஆங்கிலத்தோடு திருப்திப்படாமல், தமிழிலும் சிங்களத்திலும் பெரிய எழுத்தில் பிபிடி இருக்கிறது என்று அச்சடிக்க வைக்கட்டும். பார்லரில் பக்கற்றைக் காட்ட மறுத்தால், தலையில் துவாய் சுற்றியிருந்தாலும் பரவாயில்லை, எழும்பி வெளியே வந்துவிடுங்கள்.