தலைக்கு மேல குதிக்காதீங்கய்யா!

மதுரையில கடல் இல்லைங்கிறது எங்களுக்கும் தெரியும். ஸ்கூபா, அதாவது காத்து சிலிண்டரை முதுகுல மாட்டிக்கிட்டு தண்ணிக்கடியில முங்குற பயிற்சி, எங்கேயும் பெரும்பாலும் நீச்சல் குளத்துலதான் ஆரம்பிக்கும், ராமேஸ்வரம் பக்கமெல்லாம் அப்புறம்தான். "முங்குறதுக்கு எதுக்குப்பா இம்புட்டுச் சாமான்? தெப்பக்குளம் போதாதா?"ன்னு கேலி பண்ணுங்க, பரவாயில்ல.

ஆனா குளத்துக்கு நீச்சலடிக்க வர்றவங்களே, நாங்க அடியில பழகுறப்ப மட்டும் மேல குதிக்காம இருங்கய்யா! அடியில மண்டி போட்டு, மாஸ்க்குக்குள்ள வேணும்னே தண்ணிய விட்டு, மூக்கால ஊதி வெளியேத்திப் பழகுவோம். கண்ணு தெரியாது, நெஞ்சு படபடன்னு அடிக்கும். சரியா அப்பப் பார்த்து ஒருத்தர் தலைக்கு மேல தொபுக்கடீர்! புதுசா வந்தவன் பயந்து மூச்சை அடக்கிக்கிட்டு மேல பாய்ஞ்சா, சிலிண்டர்ல இருந்து இழுத்த காத்து உள்ள விரியும். 1.5 மீட்டர் ஆழத்துலகூட நுரையீரல் கிழியலாம். விளையாட்டா இது?

அதைவிட இம்சை, ஏற்கெனவே கத்துக்கிட்டவங்க. அந்தமான்ல முங்கிட்டு வந்த அண்ணன் ஒருத்தர் இருக்காரு. காது வலிக்குதுன்னா, "இன்னும் கீழ போ, தன்னால சரியாயிரும்"பாரு. ஆகாதுண்ணே! 10 மீட்டர்ல அழுத்தம் தண்ணிக்கு மேல இருக்கிறதைப் போல ரெண்டு மடங்கு. கொஞ்சம் மேல ஏறி, மூக்கைப் பிடிச்சு மெதுவா ஊதணும். வலியோட இறங்கினா செவிப்பறை கிழிஞ்சிரும்.

நேத்து புதுசா வந்த அக்கா தண்ணிக்குள்ள கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுறாங்க. மேல போகணும்னு அர்த்தம். அண்ணனும் பதிலுக்குக் கட்டைவிரலைத் தூக்கிச் சிரிச்சுக்கிட்டே போட்டோ எடுக்குறாரு!