புது லோயர் ஆர்ம், பழைய டக் டக்

மூன்றே நாள். மாற்றி மூன்று நாள்தான் ஆகிறது, அதற்குள் இடது முன்சக்கரத்துக்குள் யாரோ உட்கார்ந்து மறுபடியும் தேங்காய் உடைக்கிறார்கள்.

காரின் முன்சக்கரத்தோடு சேர்ந்த கம்பிகளான லிங்க் ராட் இரண்டு, சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கிற லோயர் ஆர்ம் இரண்டு. "ஒரிஜினல் எதுக்குண்ணே, இது பாதி வெலதான், சாதனம் ஒண்ணுதான்" என்று மெக்கானிக் சொன்னபோது தலையை ஆட்டினேன் பாருங்கள், அந்தத் தலையைத்தான் முதலில் மாற்றியிருக்க வேண்டும். பழசு பள்ளத்தில் விழுந்தால்தான் சத்தம் போடும். புதுசு பள்ளத்தைப் பார்த்தாலே போடுகிறது.

சரி என்று நேற்று திரும்பக் கொண்டுபோனேன். மெக்கானிக் பக்கத்து சீட்டில் ஏறினார். வீட்டிலிருந்து ஒர்க்‌ஷாப் வரைக்கும் தாளம் போட்டுவந்த வண்டி, அதிகாரி வந்த பள்ளிக்கூடம் மாதிரி கப்சிப். பார்வதிபுரம் தாண்டியாயிற்று, சுங்கான்கடை தாண்டியாயிற்று, மூச்சே இல்லை. மற்ற நாளெல்லாம் பள்ளத்துக்குப் பயந்து வளைத்து ஓட்டுகிறவன், நேற்று பள்ளம் தேடி வளைத்து ஓட்டினேன். பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலேயே திட்டினார்.

தொட்டியோட்டில் ஒன்று அகப்பட்டது. மழைத்தண்ணீர் நிறைந்த அருமையான பள்ளம். இறக்கினேன். டக்!

"கேட்டியளா?"

"எது?"

"இப்ப வந்ததே!"

"அது ரோடுண்ணே."

ரிவர்ஸ் எடுத்து மறுபடி இறக்கினேன். டக்!

"அது டிக்கில கெடக்க ஜாக்கி."

இறங்கிப் போய் ஜாக்கியை எடுத்து வந்து அவர் மடியிலேயே வைத்தேன். மூன்றாம் முறை. டக்! மடியைக் குனிந்து பார்த்தார். ஜாக்கி அசையவில்லை.

"ரப்பர் புதுசுல்லா. செட் ஆவணும்."

செட் ஆக வேண்டுமாம்! குலசேகரம், கீரிப்பாறை என்று எங்கே திரும்பினாலும் ரப்பர் மரம் நிற்கிற குமரி மாவட்டத்தில், கொடியில் ரப்பர் ஷீட் காய்வதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ரப்பர் பாடம்.

மாற்றிய அன்றைக்கே பார்த்தேன். வண்டி ஜாக்கியில் நிற்கிறது, டயர் இல்லை, ஆர்ம் அந்தரத்தில் தொங்குகிறது. அப்படியே ஆர்மின் ரப்பர் புஷ்ஷைப் பிடிக்கிற போல்ட்டை முறுக்கி முடித்துவிட்டார். தரையில் இறக்கி, வண்டியின் எடை விழுந்த பிறகு அல்லவா கடைசி முறுக்கு முறுக்க வேண்டும்? இல்லாவிட்டால் ரப்பர் எந்நேரமும் திருகிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியாதா? கேட்டேன்.

"யூடியூப் பாத்தியளாண்ணே?"

அவ்வளவுதான் பதில். இனி எல்லாம் கழற்றி மாட்டி, மறுபடி வீல் அலைன்மென்ட். அதற்கும் காசு என் பையிலிருந்துதான்.

வரும் வழியில் மனசு ஆறட்டும் என்று எங்கள் மாவட்டத்து வாழையான மட்டிப்பழம் வாங்கினேன். அம்மா ஒன்றை உரித்து ஒரு கடி கடித்துவிட்டு, "இது மட்டி இல்ல மக்கா" என்றாள். 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பழத்திலும் டூப்ளிகேட்! அந்த லிங்க் ராடாவது பாதி விலை. இதற்கு முழு மட்டி விலை வாங்கிவிட்டான் பாவி.