பதின்மூன்று ரூபாய்க்காகத்தான் நின்றார், அதில் என்ன தப்பு?

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பில்லிங் கவுண்டரில் ஒரு அம்மா, கையில் நீளமான பில், பின்னால் ஏழெட்டுப் பேர். "பதிமூணு ரூபா கூடப் போட்டிருக்கு, பாரும்மா" என்று அவர் பில் போடும் பெண்ணிடம் மெதுவாகத்தான் சொல்கிறார். வீடியோ எடுத்தவர் அதற்குக் காமெடி இசை சேர்த்து, "பதிமூணு ரூபாய்க்குப் பஞ்சாயத்து" என்று தலைப்புப் போட்டுப் பரப்பிவிட்டார். சிரிப்புப் பொம்மை போட்டவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் நிறைய.

எனக்குக் கோபமும் வருத்தமும்தான் வந்தன. பில்லைச் சரிபார்ப்பது கஞ்சத்தனம் அல்ல. தன் காசுக்கு என்ன வாங்கினோம் என்று பார்ப்பது அது. ஒரு கடைக்குள் எவரும் செய்யக்கூடிய மிகச் சாதாரணமான காரியம். அதற்கு ஒருவரை ஊர் சிரிக்க வைக்க வேண்டுமா?

13 ரூபாய் எப்படி வரும் என்று கேட்கிறீர்கள். ஒரு வழி சொல்கிறேன். 2025 செப்டம்பர் 22 முதல் ஷாம்பூ, சோப்பு, பற்பசை, தலைக்கு வைக்கும் எண்ணெய் எல்லாவற்றுக்கும் ஜிஎஸ்டி 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்தது. 118 ரூபாய் எம்.ஆர்.பி. போட்ட ஷாம்பூவில் வரிக்கு முந்தைய விலை 100, வரி 18. புதிய வரிப்படி அது 105 ஆக வேண்டும். வித்தியாசம் சரியாக 13. ஆனால் பழைய பாட்டிலுக்கும் புதிய பாட்டிலுக்கும் பார்கோடு ஒன்றுதான். 890-இல் தொடங்கும் அந்தப் பதின்மூன்று இலக்கம் பொருளைச் சொல்லுமே தவிர விலையைச் சொல்லாது. கவுண்டரில் ஸ்கேன் செய்தால் திரையில் இரண்டு எம்.ஆர்.பி. வரும், 118 எது 105 எது என்று கேஷியர் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனையோ நூறு பில் போடும் கை முதலில் நிற்கும் விலையைத்தான் தட்டும். பட்டியலில் பழைய விலை மேலே இருந்தால் வருகிறவர்களுக்கெல்லாம் பழைய விலைதான்.

அந்த வீடியோவில் நடந்தது இதுதான் என்று சொல்ல வரவில்லை. இப்படி நடக்கும் என்கிறேன். வரி மாறும்போது மட்டுமல்ல, கம்பெனி விலை ஏற்றினாலும், அளவைக் குறைத்தாலும் இதே கதைதான்.

"கம்ப்யூட்டர் எப்படிங்க தப்புப் பண்ணும்?" என்று ஒருவர் கேட்டிருந்தார். கூட்டலில் தப்பாது, உண்மை. விலை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். அலமாரியில் ஒட்டியிருக்கும் சீட்டு ஓர் இடம். கம்ப்யூட்டரில் ஏற்றிய ரேட் இன்னோர் இடம். இரண்டையும் மாற்றுவது இரண்டு பேர், இரண்டு நேரம். ஞாயிறு இரவோடு ஆஃபர் முடிந்தால் கம்ப்யூட்டரில் விலை தானாக ஏறிவிடும். சீட்டைக் கிழிக்க வேண்டிய பையன் திங்கள் மதியம்தான் அந்த அலமாரிக்கு வருவான். நடுவில் வாங்குகிறவர்கள் எல்லோரும் சீட்டைப் பார்த்து எடுத்து, கம்ப்யூட்டர் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.

இங்கே ஒரு விஷயம் முக்கியம். நம் ஊர் சூப்பர் மார்க்கெட்டுகளில் எம்.ஆர்.பி.க்குக் கீழே விற்பதுதான் வழக்கம். ஆகவே தள்ளுபடி ஏறாமல் விட்டுப்போனால் பில் எங்கே போய் நிற்கும்? எம்.ஆர்.பி.யில். மறதி என்று வந்தாலே அது வாங்குகிறவர் தலையில்தான் விழும். யாரும் திருட வேண்டியதில்லை, ஏமாற்ற நினைக்க வேண்டியதில்லை. அமைப்பே அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், பில்லைப் பாருங்கள்.

எப்படிப் பார்ப்பது? எல்லா வரியையும் படிக்க வேண்டியதில்லை. முதலில் எண்ணிக்கை. பில்லின் அடியில் ஐட்டம் 23, க்யூட்டி 27 என்று இரண்டு எண் இருக்கும். 23 வகை, மொத்தம் 27 உருப்படி என்று அர்த்தம். பையில் 26 இருந்தால் ஏதோ ஒன்று இரண்டு முறை ஸ்கேன் ஆகியிருக்கிறது, அல்லது முந்தைய ஆளின் பொருள் உங்கள் கணக்கில் நுழைந்திருக்கிறது. சில கடைகளில் ஒன்றேகால் கிலோ தக்காளியையும் 1.250 என்று இதிலேயே கூட்டிவிடுவார்கள். அங்கே க்யூட்டி 28.735 என்று வரும். அப்போது ஐட்டம் எண்ணிக்கையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அரை நிமிட வேலை.

அடுத்து எண்ணிக்கைப் பத்தி. ஒரே பொருள் நான்கு இருந்தால் ஒன்றை ஸ்கேன் செய்துவிட்டு நான்கு என்று அடிப்பார்கள். அந்த நான்கு அடுத்த பொருளுக்கு ஏறிவிடுவதுண்டு. ஒன்றுக்குப் பதில் பதினொன்று விழுவதும் உண்டு. நான்கும் ஒரே விலைதானா என்பதும் கேள்வி. வேப்பிலை சோப்பும் சந்தன சோப்பும் ஒரே உறை நிறத்தில் இருந்தால் விலை உயர்ந்ததன் பெயரில் எல்லாம் போய்விடும்.

பிறகு ஆஃபர். "இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்றால் மூன்றையும் ஸ்கேன் செய்தால்தான் கழியும். மூன்றும் அந்த ஆஃபரில் சேர்த்த பார்கோடாக இருக்க வேண்டும். ரகம் மாறினால் கழியாது. கழிந்திருந்தால் பில்லில் எங்காவது கழித்தல் குறியோடு ஒரு தொகை இருக்கும். அதைத் தேடுங்கள், இல்லையென்றால் கேளுங்கள். ஆஃபர் பொருளை எடுக்கும்போதே அலமாரிச் சீட்டை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டரில் வாய்ச்சண்டையே வராது.

அதிகம் போவது காய்கறியிலும் லூஸ் சாமான்களிலும்தான். எடை போடும் இடத்தில் ஒட்டிக் கொடுக்கும் சீட்டில் பார்கோடு 2-இல் தொடங்கும். அது கடைக்குள் மட்டும் செல்லும் குறியீடு. பொருளின் எண்ணும் எடையோ விலையோ அதற்குள்ளேயே இருக்கும். எடை போடுகிறவர் பெரிய வெங்காயத்துக்குச் சின்ன வெங்காயத்தின் எண்ணை அழுத்திவிட்டால் பில் போடும் பெண்ணுக்கு அது தெரியவே தெரியாது. அவர் ஸ்கேன் மட்டும்தான் செய்கிறார். ஆகவே அந்தச் சீட்டை அங்கேயே படியுங்கள்: பெயர், கிலோ விலை, எடை. பலகையில் எழுதியிருக்கும் விலையோடு கிலோ விலை ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் போதும்.

டப்பாவின் எடை இன்னொன்று. முந்திரி, பாதாம், பேரீச்சம்பழத்தை பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அப்படியே தராசில் வைப்பார்கள். டப்பா 30 கிராம், முந்திரி கிலோ 1,000 ரூபாய் என்றால் வெறும் டப்பாவுக்கு 30 ரூபாய் கொடுக்கிறீர்கள். காலி டப்பாவை முதலில் வைத்து, டேர் (தராசைச் சுழியாக்கும் பொத்தான்) அழுத்தி, சுழி வந்த பிறகு பொருளைப் போட வேண்டும். ஸ்வீட் கடை அட்டைப் பெட்டிக்கும் இதே முறைதான். பெட்டி இன்னும் கனம்.

பில்லின் அடியில் இருக்கும் ஜிஎஸ்டி அட்டவணையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். எம்.ஆர்.பி. என்பது எல்லா வரியும் சேர்ந்தது. 105 ரூபாய்ப் பொருளில் 100 விலை, 2.50 மத்திய வரி, 2.50 மாநில வரி என்று பிரித்துக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். எம்.ஆர்.பி.க்கு மேல் தனியாக வரி கூட்டியிருந்தால் மட்டும் அது தவறு.

வாசலில் செக்யூரிட்டி பில்லில் ஓட்டை போடுகிறாரே, அதுதான் சரிபார்ப்பு என்று நினைத்துக்கொண்டு பலர் போகிறார்கள். அவர் பார்ப்பது பில்லில் ஏறாத பொருள் வெளியே போகிறதா என்று. விலையை அவர் பார்ப்பதில்லை. அந்த ஓட்டை கடைக்காக, உங்களுக்காக அல்ல.

இனி எதிர்ப்புகளுக்கு வருகிறேன்.

"க்யூ நிற்குதே, மத்தவங்க நேரம்?" இது நியாயமான கேள்வி. தள்ளி நின்று பார்க்கலாம்தான். ஆனால் தள்ளிப் போனால் என்ன ஆகிறது? பணம் கட்டிய பிறகு பில்லில் ஏறிய ஒரு பொருளை அந்த இடத்தில் நீக்க முடியாது. சூப்பர்வைசர் வர வேண்டும், ரிட்டர்ன் போட வேண்டும், மறு பில் போட வேண்டும். பணம் கட்டும் முன் என்றால் அந்த ஒரு பொருளை பில்லிலிருந்து நீக்குவதோடு முடிந்தது. அதனால்தான் அந்த அம்மா அங்கேயே நின்றார். உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கும் திரையை ஸ்கேன் செய்யும்போதே கவனித்தால் க்யூவும் நிற்காது. பல கடைகளில் அந்தத் திரையில் விளம்பரம் ஓடுகிறது. அதில் விலையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள் முதலில்.

"பாவம் அந்த கேஷியர் பொண்ணு." ஆமாம், பாவம்தான். நின்றபடியே வேலை பார்க்கிறவர்கள். உட்கார நாற்காலி கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே கொண்டுவர வேண்டியிருந்தது. ஆனால் ரேட்டை ஏற்றியவர் அவர் அல்ல, சீட்டு ஒட்டியவரும் அவர் அல்ல. தவறைச் சொல்லும்போது அவர்மேல் எரிந்து விழக் கூடாது. அந்த அம்மாவும் எரிந்து விழவில்லை. இன்னொரு முறை பாருங்கள், "பாரும்மா" என்கிறார். குறைத்துப் போட்டிருந்தாலும் இதேபோல் சொல்லத்தான் வேண்டும். ஸ்கேன் ஆகாத பொருள் ஸ்டாக் எடுக்கும்போது குறையாக நிற்கும், அதன் பேச்சு கீழ்மட்ட ஊழியர் மேல்தான் வந்து விழும்.

"எம்.ஆர்.பி.க்கு மேல வாங்கலையே, அப்புறம் என்ன?" இதைச் சொன்னவர்கள்தான் எனக்கு அதிக வருத்தம் கொடுத்தார்கள். அலமாரியில் 105 என்று எழுதி என்னை எடுக்க வைத்துவிட்டு, 118 வாங்கினால் அது வாக்கு மீறல். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பாக்கெட்டில் அச்சிட்ட விலையை மட்டும் சொல்லவில்லை. வியாபாரி காட்சிக்கு வைத்த விலைப் பட்டியலுக்கு மேல் வாங்கினாலும் புகார் கொடுக்கலாம் என்கிறது. எம்.ஆர்.பி. என்பது இதற்கு மேல் போகாதே என்ற எல்லை. அதுவரை எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லாமல் ஏற்றிக்கொள் என்ற அனுமதி அல்ல. சொல்லாமல் ஏறும் கேரி பேக் காசும் இதே ரகம். விலையை முன்கூட்டிச் சொல்லாமல் பணம் கட்டும் இடத்தில் பைக்கு வசூலிப்பது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2020 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது.

மற்ற நாடுகளில் இதை யாரும் பஞ்சாயத்து என்பதில்லை. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் கூடுதலாக ஸ்கேன் ஆனால் வித்தியாசத்தோடு அதன் பத்து மடங்கும் கேட்கலாம், குறைந்தது 1 டாலர், அதிகம் 5 டாலர். கனடாவில் 2002 முதல் கடைகள் தாமாக ஏற்றுக்கொண்ட ஒரு நெறிமுறை உண்டு. அதில் சேர்ந்த கடையில் அலமாரி விலையைவிடக் கூடுதலாக வந்தால், 10 டாலர் வரையிலான பொருள் இலவசம். டொராண்டோவில் இருக்கும் நம் ஆட்கள் இதைக் கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே அது உரிமை, இங்கே அது கஞ்சத்தனமா?

எங்கள் தெருவில் பென்ஷன் வாங்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். மாதச் சாமான் பில்லை நோட்டில் ஒட்டி, போன மாத விலையைப் பக்கத்தில் எழுதுவார். ஒருமுறை துவரம் பருப்பில் ரகம் மாறி விழுந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார். போய்ச் சொன்னார், கடைக்காரரும் ரேட்டைத் திருத்தினார். அதற்குப் பிறகு அந்தப் பருப்பை வாங்கிய எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் காசு மிச்சம். அவருக்கும் 'கணக்குத் தாத்தா' என்று பட்டப்பெயர்தான் வைத்திருக்கிறார்கள்.

அண்ணாச்சி கடையில் இப்படியா இருந்தது? துண்டுச் சீட்டில் ஒவ்வொரு சாமானையும் சொல்லிக்கொண்டே எழுதுவார், மேலிருந்து கீழே ஒருமுறை, கீழிருந்து மேலே ஒருமுறை கூட்டுவார், "சரிபாத்துக்கங்க தாயி" என்று அவரே நீட்டுவார். பார்ப்பது அங்கே மரியாதைக் குறைவு இல்லை. பார்க்கச் சொல்வதுதான் மரியாதை. ஏசி போட்ட கடை வந்ததும் பார்ப்பவர் கேவலமாகிவிட்டாரா?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மனதில் உறுத்துகிறது. பெரும்பாலான கடைகளில் பில் ஆங்கிலத்தில் வருகிறது. அதுவும் முழுப் பெயர் இல்லை, இருபது எழுத்துக்குள் வெட்டிய பெயர். பொன்னி அரிசியா, எந்த ரகம், பழையதா புதியதா, எதுவும் தெரியாது. வீட்டுச் செலவைக் கையில் வைத்து நடத்துகிற எத்தனையோ பெண்களுக்கு அந்தத் தாள் படிக்கவே முடியாத தாள். தமிழில் பில் அடிக்கும் கடைகள் இருக்கவே செய்கின்றன, முடியாத வேலை அல்ல. அப்படிப்பட்ட ஒரு தாளில் விரலை வைத்து வரி வரியாகத் தேடி, தவறு இருக்கும் வரியைக் கண்டுபிடித்து நின்றார் அந்த அம்மா. அந்தத் திறமையைப் பார்த்தா சிரித்தீர்கள்? ரேஷனில் வாங்காத சர்க்கரைக்கு எஸ்எம்எஸ் வந்தால் கடை முன் போய் நின்று கேட்பதை விழிப்புணர்வு என்கிறோம். இங்கே அதையே செய்தால் கேலி.

செய்ய வேண்டியதைச் சொல்லி நிறுத்துகிறேன். பில் அடிக்கும் தாள் வெப்பத்தில் மங்கிவிடும், ஆகவே அன்றே போட்டோ எடுங்கள். தவறு இருந்தால் வித்தியாசத்தை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள், கம்ப்யூட்டரிலும் ரேட்டை மாற்றச் சொல்லுங்கள். உங்கள் பில்லை மட்டும் திருத்தினால் அடுத்த ஆளுக்கு அதே 118-தான் விழும். கடை கேட்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு அழைத்துப் புகார் பதியலாம். எடை, எம்.ஆர்.பி. விஷயங்களுக்குத் தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் அமலாக்கப் பிரிவு இருக்கிறது.

வீடியோ எடுத்த தம்பிக்கு: நீக்கிவிடுங்கள். நீக்க மனமில்லையென்றால் அந்த அம்மாவின் முகத்தையாவது மறையுங்கள்.