ஸ்பிட்ஃபயரைக் காப்பாற்றிய பித்தளைத் துண்டு

பழைய பைக்கில் பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு இந்தக் கதை சட்டென்று புரியும். அடியில் ஒரு சின்னக் கிண்ணம், அதில் பெட்ரோல், அதன் மேல் மிதக்கும் ஃப்ளோட். பெட்ரோல் நிறைந்தால் ஃப்ளோட் மேலேறி, ஊசியைத் தள்ளி வழியை அடைத்துவிடும்.

இரண்டாம் உலகப் போரில், 1940-இல், பிரிட்டிஷ் போர் விமானங்களான ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் இரண்டிலும் ஓடிய 27 லிட்டர் ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினிலும் இந்த ஃப்ளோட் கார்புரேட்டர்தான். எதிரே வந்த ஜெர்மன் போர் விமானம் மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் டெய்ம்லர் பென்ஸ் எஞ்சினில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பீய்ச்சப்பட்டது. ஜெர்மன் விமானி மாட்டிக்கொண்டால் மூக்கைக் கீழே குத்திப் பாய்ந்துவிடுவார். பின்னால் வரும் ஸ்பிட்ஃபயரும் அப்படியே குத்தினால், கிண்ணத்துப் பெட்ரோல் மேலே எகிறி, ஒரு கணம் எஞ்சின் பட்டினி கிடக்கும். அடுத்த கணம் ஃப்ளோட் தடுமாறி, பம்ப் தள்ளும் பெட்ரோல் முழுக்க உள்ளே கொட்டும். கரும்புகை, எஞ்சின் திணறல். அதற்குள் எதிரி தப்பியிருப்பான். அதனால் பிரிட்டிஷ் விமானிகள் முதலில் விமானத்தைப் பாதி புரட்டித் தலைகீழாக்கிவிட்டுத்தான் பாய்ந்தார்கள்; அப்படிச் செய்தால் பெட்ரோல் கிண்ணத்தின் அடியிலேயே இருக்கும்.

இதைப் படித்துவிட்டு மெர்லினை மட்டமான எஞ்சின் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது சூப்பர்சார்ஜருக்கு, அதாவது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவிக்கு, போகும் காற்று குளிரும். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதனால் பவரும் கூடும். தெரிந்தே எடுத்த முடிவு அது. ஆனால் பவரைக் கூட்டிய அதே கார்புரேட்டர்தான் பாய்ச்சலில் காலை வாரியது. காகிதத்தில் உள்ள குதிரைத்திறனை மட்டும் வைத்து எந்தப் போர் விமானத்தையும் எடைபோடாதீர்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, தீர்வு? இங்கிலாந்தின் ஃபார்ன்பரோ விமான ஆய்வகத்தில் பணியாற்றிய பொறியாளர் பீட்ரிஸ் ஷில்லிங் கொடுத்தார். போருக்கு முன் ப்ரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நார்ட்டன் பைக்கை மணிக்கு 100 மைலுக்கு மேல் ஓட்டியவர். பெட்ரோல் குழாயில் துளையிட்ட ஒரு பித்தளைத் துண்டை வைத்தார். முழு பவருக்கு எவ்வளவு பெட்ரோல் வேண்டுமோ, அவ்வளவு மட்டும் போகும் துளை. அந்த ஒரு கணப் பட்டினி தீரவில்லை, ஆனால் வெள்ளம் நின்றது. விமானத்தைத் தொழிற்சாலைக்கு அனுப்பாமல் தளத்திலேயே மாட்டலாம் என்பதுதான் பெரிய விஷயம். 1941-இல் ஷில்லிங்கின் குழு தளம் தளமாகப் போய் மாட்டியது. முழுமையான தீர்வான, ஃப்ளோட் கிண்ணத்தை நம்பாமல் அழுத்தத்தில் பெட்ரோல் தரும் பிரஷர் கார்புரேட்டர் பிறகுதான் வந்தது. அதுவரை விமானிகளைக் காத்திருக்கச் சொல்ல முடியுமா?

அந்தத் துண்டுக்கு அவர் பெயரோடு ஒட்டி ஒரு கொச்சையான பட்டப்பெயரும் உண்டு. ஆர்வலர்கள் இன்னும் சிரித்துக்கொண்டே அதைச் சொல்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. ஷில்லிங் ரெஸ்ட்ரிக்டர் (ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் துண்டு) என்றே சொல்வோம்.