கிராஃபிட்டிச் சுவர் யாருக்காக?

பொதுச் சுவர்களில் வண்ணம் தெளித்து எழுதும், வரையும் கிராஃபிட்டிக்கென்று சட்டப்படி ஒரு சுவரை ஒதுக்கும் நகர நிர்வாகங்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கின்றன: மற்ற சுவர்கள் தப்பிக்கும். இந்தக் காரணத்தை ஏற்றுக்கொண்டால், பக்கத்துத் தெருவில் ஒரு கிறுக்கல் தென்பட்ட மறுநாளே சுவரை மூடிவிடலாம் என்பதையும் ஏற்றுக்கொண்டதாகிவிடும். பூங்கா திறக்கும்போது அதனால் எத்தனை குற்றங்கள் குறையும் என்று யாரும் கணக்குக் கேட்பதில்லை. சுவரையும் அப்படியொரு பொது இடமாகவே பார்க்க வேண்டும் என்பது என் கருத்து.

லண்டன் வாட்டர்லூ ரயில் நிலையத்தின் அடியிலுள்ள லீக் தெருச் சுரங்கப்பாதையில் 2008 மே மாதம், தன் அடையாளத்தை வெளிக்காட்டாத பிரிட்டிஷ் தெரு ஓவியர் பேங்க்ஸி ஒரு ஸ்டென்சில் (வெட்டிய அச்சுத்தாளை வைத்து வண்ணம் தெளிக்கும்) ஓவிய விழாவை நடத்தினார். இன்றும் அங்கே முன் அனுமதியின்றி எவரும் வரையலாம். நேற்று வரைந்ததை இன்று இன்னொருவர் மூடிவிடுவார். அதை அங்கே யாரும் குற்றமாகக் கருதுவதில்லை. நகராட்சி பணம் கொடுத்து, மாதிரியைப் பார்த்து ஒப்புதல் அளித்து வரையவைக்கும் சுவரோவியத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு இதுதான். முன்னது நகரை அழகுபடுத்துகிறது, பின்னது நகரில் வசிப்பவருக்கு இடம் தருகிறது. அழகான சுவரோவியங்கள் மீது எனக்குப் பகை இல்லை. ஆனால் அவற்றைக் காட்டி, 'உங்களுக்குத்தான் சுவர் கொடுத்துவிட்டோமே' என்று சொல்வதை ஏற்க முடியவில்லை.

ஸ்டாக்ஹோம் நகரம் 2007இல் கிராஃபிட்டியைத் துளியும் பொறுத்துக்கொள்வதில்லை என்ற கொள்கையை எடுத்து, கிராஃபிட்டியை ஊக்குவிப்பதாகக் கருதப்பட்ட நிகழ்ச்சிகளுக்குக்கூட ஆதரவை மறுத்தது. 2014 ஆட்சி மாற்றத்துக்குப் பிறகே அது கைவிடப்பட்டது. சுவரைத் திறப்பதும் மூடுவதும் அரசியல் முடிவு; வண்ணப்பூச்சுக்கு அதில் பங்கு குறைவு.

தனியார் சுவராக இருந்தால் நிலைமை இன்னும் சிக்கலானது. நியூயார்க் குயின்ஸ் பகுதியில் இருந்த ஃபைவ் பாயிண்ட்ஸ் கட்டடத்தின் ஓவியங்களை 2013 நவம்பரில் உரிமையாளர் ஒரே இரவில் வெள்ளையடித்து மறைத்தார். அடுத்த ஆண்டே கட்டடம் இடிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் காட்சிக் கலைஞர் உரிமைச் சட்டத்தின்படி, 45 ஓவியங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் 1,50,000 டாலர் வீதம் 67.5 லட்சம் டாலரை 21 கலைஞர்களுக்கு வழங்க 2018இல் நீதிமன்றம் உத்தரவிட்டது. நியாயமான தீர்ப்புதான். ஆனால், அந்த வழியே செல்லும் 7ஆம் எண் ரயிலின் ஜன்னலோரம் அமர்ந்து அந்தச் சுவர்களை நாள்தோறும் பார்த்துவந்தவருக்கு அந்த வழக்கில் எந்த உரிமையும் இல்லை. சட்டம் படைப்பைக் காத்தது, அது இருந்த இடத்தைக் காக்கவில்லை.

இதற்கு நடுவே, பணம் கட்டிய நிறுவனம் அதே நகரங்களில் ஒரு கட்டடத்தின் பக்கச் சுவர் முழுவதையும் விளம்பரத்தால் நிரப்பிக்கொள்ள முடிகிறது. அந்த விளம்பரத்தைப் பார்க்க எனக்கு விருப்பமா என்று எவரும் கேட்டதில்லை.

வியன்னாவில் அனுமதிக்கப்பட்ட சுவர்களை ஒரு புறா உருவப் பலகை அடையாளம் காட்டுகிறது. அவற்றில் சில, மக்கள் மாலையில் நடக்கவும் உட்காரவும் வரும் டான்யூப் கால்வாயின் கரையிலேயே இருக்கின்றன. சுவரை எங்கே ஒதுக்குகிறார்கள் என்பதில்தான் நிர்வாகத்தின் மனம் தெரியும். ஊருக்கு வெளியே, விளக்கில்லாத பாலத்தடியில் ஒதுக்கினால், இருட்டிய பிறகு பெண்களும் சிறுவர்களும் சக்கர நாற்காலியில் வருபவர்களும் அங்கே செல்ல மாட்டார்கள். அந்தச் சுவர் சட்டப்படி எல்லாருக்கும் திறந்திருக்கும். நடைமுறையில், துணிந்து வரும் நான்கு இளைஞர்களுக்கு மட்டுமே.