தடுப்புச் சுவரில் உட்காரும் பசங்களும் ஆன்லைன் மெஷினும்

குன்னூர், கோத்தகிரி பக்கம் கடை வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு கேள்வி ஓயாமல் வருகிறது. சாயங்காலம் ஆனால் கடை முன்னாடி பசங்க கூட்டம், கூச்சல், பைக் முறுக்கல், போகிற வருகிற பெண்களைக் கிண்டல். இவர்களை விரட்ட சத்தம் போடும் மெஷின் விற்கிறார்களாமே, வாங்கலாமா?

வாங்காதீர்கள். காசு வீண்.

அந்த மெஷினின் மூலம் 'மஸ்கிட்டோ'. பிரிட்டனின் வேல்ஸில் ஹோவர்ட் ஸ்டேபிள்டன் என்பவர் 2005-இல் கொண்டுவந்தது. 17.4 கிலோஹெர்ட்ஸில் கீச்சென்று கத்தும். வயது ஏற ஏற நம் காது முதலில் இழப்பது இந்த உச்ச சுருதியைத்தான். அதனால் 25 தாண்டிய பலருக்கு அது கேட்காது, பசங்களுக்குக் காதைக் குடையும். 2006-இல் இதற்கு, விசித்திரமான கண்டுபிடிப்புகளுக்கு வேடிக்கையாகத் தரும் இக் நோபல் பரிசைக் கொடுத்துச் சிரித்தார்கள். பசங்களோ அந்தச் சத்தத்தையே ரிங்டோன் ஆக்கி, வாத்தியார் காதில் விழாமல் வகுப்பில் மெசேஜ் பார்த்தார்கள். 2010-இல் ஐரோப்பிய கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவை இதைப் பொது இடங்களில் தடை செய்யச் சொன்னது. யோசித்துப் பாருங்கள்: சேட்டைக்காரப் பையனுக்குக் கேட்பது தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கும் கேட்கும். மாடியில் படித்துக்கொண்டிருக்கும் உங்கள் மகளுக்கும் கேட்கும். கல்லாவில் இருக்கும் உங்களுக்கு மட்டும் அது ஓடுகிறதா இல்லையா என்றே தெரியாது.

இன்னொன்று. நம்மூர் ஆன்லைன் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் எலி, நாய் விரட்டிகள். அவை 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே வேலை செய்பவை, எந்த மனிதக் காதுக்கும் எட்டாது. தெருநாய் ஓடும், பசங்க அப்படியே உட்கார்ந்திருப்பார்கள். சரியான சுருதி உள்ளதையே வாங்கினாலும், காதில் இயர்பட்ஸ் மாட்டி இருப்பவனை அது என்ன செய்யும்?

முதலில் பார்க்க வேண்டியது பசங்களை அல்ல, அந்த இடத்தை. மலையில் ஒரு இடம் கூட்டத்தை இழுப்பதற்குக் காரணங்கள் வேறு. மழைக்கு ஒதுங்கக் கூரை, டீ பாய்லர் சூடு, வளைவில் வரும் பஸ் தெரியும் பார்வை, எல்லாவற்றுக்கும் மேலாக போன் சிக்னல். பாதி ஊரில் டவர் கிடைக்காதபோது, கிடைக்கும் அந்தப் பத்தடியில்தான் எல்லோரும் நிற்பார்கள். கூடவே உங்கள் கடை வைஃபை பாஸ்வேர்டு ஊருக்கே தெரியும். ரௌட்டரில் நேரக் கட்டுப்பாடு என்று ஒரு அமைப்பு இருக்கும், கடை மூடும் நேரத்துக்கு வைஃபை அணையும்படி அதில் வையுங்கள், பாஸ்வேர்டை மாற்றுங்கள். வெளிப்பக்க பிளக் பாயிண்டை உள்ளிருக்கும் சுவிட்சில் இணைத்துவிடுங்கள். பெரிய செலவில்லாத இந்த இரண்டையும் செய்யாமல் யாரும் மெஷின் தேட வேண்டாம்.

அடுத்தது உட்காரும் இடம். ரோட்டோரத் தடுப்புச் சுவர் ஒன்றரை அடி உயரமும் ஒரு அடி அகலமும் இருந்தால் அது பெஞ்ச்தான். உங்கள் சொந்தச் சுவர் என்றால் மேல்பரப்பைக் கூரை மாதிரி இருபுறமும் சரித்து விடலாம். ஒரு அடி அகலச் சுவருக்கு நடுவில் அரை அடி உயரம் வைத்தால் 45 டிகிரி சரிவு வரும், அதில் ஐந்து நிமிடம்கூட உட்கார முடியாது. பழைய பரப்பைக் கொத்தி, கழுவி, சிமெண்ட் பால் அடித்த பிறகுதான் கலவை போட வேண்டும். சும்மா பூசினால் முதல் மழைக்காலத்திலேயே பாளம் பாளமாகக் கழன்று வரும். கொத்தனார் சுவரின் முகத்தையும் சேர்த்துப் பூசித் தருகிறேன் என்பார். விடாதீர்கள். சுவரில் ஆங்காங்கே இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகள் அடைந்துபோனால், பின்னால் உள்ள மண் தண்ணீர் குடித்து உப்பி, வடகிழக்குப் பருவமழையில் சுவரே ரோட்டுக்கு வந்துவிடும். பசங்களை எழுப்பப் போய் மண்சரிவை வாங்கிய கதையாகும்.

சுவர் உங்களுடையது இல்லை, அல்லது வாசல் படிதான் பிரச்சினை என்றால் பூந்தொட்டி போதும். ஜெரேனியம், ஹைட்ராஞ்சியா இரண்டும் இந்தக் குளிருக்கு நன்றாக வரும். ஆனால் பிளாஸ்டிக் தொட்டி வேண்டாம், அன்றைக்கே பள்ளத்துக்குப் போய்விடும். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒன்றேகால் அடி ஆழ சிமெண்ட் தொட்டியில் ஈர மண் நிரப்பினால் மண் மட்டுமே எழுபது கிலோ தொடும். இரண்டு பேர் மூச்சுப் பிடித்தால்தான் அசையும். தொட்டிக்குத் தொட்டி ஒரு அடி இடைவெளிக்கு மேல் விட்டால் அந்த இடைவெளியில் ஒருவன் உட்காருவான்.

விளக்கில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஐம்பது வாட்ஸ் வெள்ளை ஃப்ளட் லைட் சமவெளியில் சரி. இங்கே பனிமூட்டம் இறங்கினால் அந்த வெளிச்சமே வெள்ளைத் திரையாக நிற்கும், அதற்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. மஞ்சள் கலந்த வெளிச்சம் (3000 கெல்வின்), 10 முதல் 15 வாட்ஸ், இரண்டு இடங்களில் தாழ்வாக, இதுதான் சரி. ஆள் வந்தால் எரியும் சென்சார் விளக்கு இன்னும் நல்லது, ஏழெட்டு அடி உயரத்தில் வையுங்கள். உடல் சூடு குறுக்கே நகர்வதைத்தான் அது நன்றாகப் பிடிக்கும், நேராக எதிரே வருவதை அல்ல. எனவே நடைபாதைக்குப் பக்கவாட்டில் பொருத்த வேண்டும். பாய்லர் ஆவியும் வண்டி இன்ஜினும் அதன் பார்வையில் இருந்தால் இரவெல்லாம் எரிந்து எரிந்து அணையும், கடைசியில் நீங்களே பிடுங்கிப் போடுவீர்கள். காட்டெருமை வந்தாலும் எரியும், அது லாபம். சோலார் சென்சார் விளக்கு ஜூன் தொடங்கி வெயில் இல்லாத மாதங்களில் படுத்துவிடும், வயர் விளக்கே வாங்குங்கள்.

கேமராவுக்கும் இதே பனிதான் எதிரி. கேமராவுக்குள்ளேயே இருக்கும் இன்ஃப்ரா ரெட் விளக்கு பனித்துளியிலும் சிலந்தி வலையிலும் பட்டுத் திரும்பி, படம் முழுக்க வெளுத்துப் போகும். அதை அணைத்துவிட்டு, கேமராவிலிருந்து ஏழெட்டு அடி தள்ளி ஒரு தனி விளக்கைப் போட்டால் முகம் தெரியும்.

உண்ணிச்செடிப் புதர் மறைவு இருந்தால் இரண்டரை அடிக்கு மேல் வளரவிடாமல் வெட்டுங்கள். வேரோடு பிடுங்க வேண்டாம், சரிவு மண் அதைப் பிடித்துத்தான் நிற்கிறது.

படியில் கழிவு ஆயில் தடவுவது, சுவரில் பாட்டில் கண்ணாடி பதிப்பது, சாயங்காலம் வாசலில் தண்ணீர் கொட்டுவது எல்லாம் வம்பு. பாசி பிடித்த படியில் வழுக்கி விழப்போவது பால் வாங்க வரும் பாட்டி.

இனி கடைக்காரர்களுக்குப் பிடிக்காத ஒரு விஷயம். அந்தப் பதினாறு வயதுப் பையனுக்கு உதிரி சிகரெட் விற்றது யார்? 18 வயதுக்குட்பட்டவருக்குப் புகையிலை விற்பது 2003 புகையிலைச் சட்டப்படியே குற்றம். சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவில் இதற்கு ஏழு ஆண்டு வரை சிறையும் ஒரு லட்சம் வரை அபராதமும் இருக்கிறது. லைட்டரைக் கயிற்றில் கட்டி வாசலில் தொங்கவிட்டுவிட்டு, வாசலில் கூட்டம் நிற்கிறது என்று புலம்புவதில் அர்த்தமில்லை. தின்றுபோட்ட பஜ்ஜி பொட்டலமும் அப்படித்தான், எண்ணெய் வாசனைக்குக் கரடி வந்து ஷட்டரைப் பிறாண்டும்.

பேச வேண்டியிருந்தால் கூட்டத்தின் நடுவில் பேசாதீர்கள். மற்றவர்கள் பார்க்கும்போது எந்தப் பையனும் இறங்கி வர மாட்டான். மறுநாள் பகலில், தனியாக, பெயர் சொல்லி, "தம்பி, எட்டு மணிக்கு மேல பாட்டி தூங்கணும்ப்பா" என்று ஒரே ஒரு விஷயத்தைக் கேளுங்கள். இரண்டு வாரம் நாள், நேரம், நடந்தது என்று நோட்டில் குறித்து வையுங்கள். வீடியோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள். அது வழக்காகிவிட்டால் சிறுவனின் அடையாளத்தை வெளியிட்டதற்கு நீங்கள் பதில் சொல்ல வேண்டிவரும்.

பெண்களைச் சீண்டுவது, குடி, கஞ்சா என்றால் பேச்சே வேண்டாம், நேராக 112. மற்றபடி ஸ்டேஷனுக்குப் போனால் குழந்தைகள் நல காவல் அலுவலர் யார் என்று கேட்டு அவரிடம் அந்த நோட்டைக் கொடுங்கள். கொடுங்குற்றம் இல்லாமல் சிறுவர் மீது எஃப்ஐஆர் போட மாட்டார்கள், அதை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். அப்பா அம்மாவை அழைத்துப் பேசுவது அவரால் முடியும். அந்தச் சிறுவன் லைசென்ஸ் இல்லாமல் பைக் ஓட்டுகிறான் என்றால் பெற்றோரிடம் மோட்டார் வாகனச் சட்டம் 199ஏ-வைச் சொல்லுங்கள்: 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை, வண்டிப் பதிவு ஒரு வருடம் ரத்து, பையனுக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. அறிவுரை கேட்காத அப்பாகூட இதைக் கேட்பார்.

இவ்வளவும் செய்து எழுப்பிவிட்டால் அவர்கள் அடுத்த வளைவுக்குப் போவார்கள், அவ்வளவுதான். ஆகவே எங்கே போகலாம் என்பதையும் நீங்களே யோசியுங்கள். வாலிபால் கோர்ட்டுக்கு 18 மீட்டருக்கு 9 மீட்டர் சமதரை, சுற்றிலும் மூன்று மீட்டர் காலியிடம் வேண்டும். மலையில் அது கிடைப்பது கஷ்டம், பள்ளி மைதானத்தைச் சாயங்காலம் திறந்துவிடச் சொல்லி ஊர்ப் பெரியவர்கள் கேட்டால்தான் நடக்கும். அதுவும் இல்லையென்றால் கூரை, ஒரு பல்பு, ஒரு கேரம் போர்டு உள்ள சங்கக் கட்டடம். சாவி ஒரு பெரிய பையனிடம் இருக்கட்டும், உங்களிடம் வேண்டாம். அங்கே சிக்னல் கிடைக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒருத்தனும் வரமாட்டான்.