புயலுக்கு நடுவில் கடலுக்குப் போனால் திமிரா?

ஐப்பசி, கார்த்திகை வந்து டிவியில் வானிலை ரமணன் காலத்து இசை மாதிரி 'காற்றழுத்தத் தாழ்வு' என்று ஆரம்பித்ததும், எங்கள் குடும்ப வாட்சப் குழுவில் அந்தப் பழைய படம் கிளம்பிவிடும். திருச்செந்தூர் பக்கத்து மணப்பாடு கரையில் சர்ஃபிங் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நான் நிற்கும் படம். 2025 நவம்பரில் டிட்வா புயலின் பெயர் அடிபட்ட அன்றும் வந்தது. "புயல் வருதுன்னா ஊரே கதவைச் சாத்துது, நம்ம பயலுக்குக் கடல்ல சறுக்கு விளையாட்டு கேக்குது" என்று சித்தப்பா. "வெள்ளைக்காரன் விளையாட்டு மதுரைக்காரனுக்கு எதுக்கு மாப்ள?" என்று மாமா. வாட்சப்பில் பதில் சொல்லி மாளாது. இங்கேயே எழுதிவிடுகிறேன்.

நடந்தது இவ்வளவுதான். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. அடுத்த தாழ்வு மண்டலம் வருவதற்கு முன் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்த நாட்களில், அக்கா மகனுக்குத் திருச்செந்தூரில் மொட்டையும் காதுகுத்தும். நான் தாய்மாமன். பத்தரை மணிக்கு என் மடி அங்கே இருந்தாக வேண்டும், நான் வந்தால் போதாது, குளித்து வேட்டி கட்டி வந்திருக்க வேண்டும். விடியும் முன்பே தூத்துக்குடி நண்பனிடமிருந்து போன். "மாப்ள, கடல் நல்லாருக்கு. ரெண்டு பலகை கார் மேல கட்டிட்டேன். மணப்பாட்டுக்கு வந்துரு."

புயல் பக்கத்தில் நிற்கும்போது கடலில் பலகை ஓட்டவே முடியாது. காற்று நாலா பக்கமும் கிளறிவிடும், அலைமேல் அலை விழுந்து வெறும் நுரையாக இருக்கும். தூரத்தில் கிளம்பிய அலை அப்படியில்லை. வருகிற வழியிலேயே அது தன்னைப் பிரித்துக்கொள்ளும். நீண்ட அலைகள் வேகமாக முன்னால் வந்துவிடும், குட்டை அலைகள் பின்தங்கி ஓய்ந்துபோகும். அதனால்தான் காற்றில்லாத காலையிலும் கரையில் சீராக அலை வரும். ஐதராபாத்தில் இருக்கும் இன்காய்ஸ் நிறுவனம் அலையின் உயரத்தையும், இத்தனை நொடிக்கு ஒன்று என்ற கணக்கையும் முன்கூட்டியே வெளியிடுகிறது. நண்பன் முதலில் பார்ப்பது உயரத்தை அல்ல, நொடியை. 6 என்றால் திரும்பப் படுத்துவிடுவான். 10, 12 என்றால் எனக்குப் போன் வரும்.

மணப்பாட்டில் மணல்குன்று ஒன்று கடலுக்குள் மூக்கு நீட்டி நிற்கிறது. அதன்மேல் திருச்சிலுவை ஆலயம். அந்த மூக்கைச் சுற்றி வளைந்து வரும் அலை மொத்தமாகப் பொத்தென்று விழாது, ஒரு ஓரத்தில் உடைய ஆரம்பித்து அப்படியே நீளமாக ஓடும். அதிகாலையில் தரையிலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று அலையின் முகத்தைக் கொஞ்ச நேரம் நிமிர்த்திப் பிடித்திருக்கும். வெயில் ஏறி, காற்று கடலிலிருந்து திரும்பினால் ஆட்டம் முடிந்தது.

சித்தப்பாவுக்கு நான் முக்கியமாகச் சொல்ல வேண்டியது இதுதான்: தண்ணீரைத் தொடும் முன் நண்பன் வலை பிரித்துக்கொண்டிருந்த பெரியவரிடம் போனான். "பெரியப்பா, இறங்கலாமா?" அவர் உடனே பதில் சொல்லவில்லை. கடலைப் பார்த்தார், மேகத்தைப் பார்த்தார், என் தொப்பையையும் ஒருமுறை பார்த்தார். "வாடைக் காத்து இன்னும் எழும்பல. இறங்குங்க. பாறைப் பக்கம் போகாதீங்க, அங்க இழுவை உண்டு. காத்து மாறுனதும் ஏறிரணும்." அவர் வேண்டாம் என்றிருந்தால் பலகை காரைவிட்டு இறங்கியிருக்காது.

அலை இடுப்பளவுதான். சோழவந்தானில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக் கிணற்றில் நீச்சல் பழகியவன் நான். கிணற்றுத் தண்ணீர் நம்மைத் தாங்கும், தள்ளாது. கடல் தள்ளும். பலகையில் குப்புறப் படுத்துத் துடுப்புப் போல இரண்டு கையாலும் தள்ளினால் ஐந்து நிமிடத்தில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருக்கும். பின்னால் அலை எழும்பும்போது பலகையின் வால் தூக்கும், அந்த நொடியில் எழ வேண்டும். நான் எழுந்த நேரமெல்லாம் ஒன்று முந்திவிட்டது, இல்லை பிந்திவிட்டது. மூக்கு வழியாக ஏறிய உப்பு மூளை வரைக்கும் போயிருக்கும். அப்புறம் ஒரு அலையில், எப்படி என்று தெரியவில்லை, நின்றுவிட்டேன். முழங்கால் நடுங்க, பின்பக்கம் தூக்கிக்கொண்டு, கரை என்னை நோக்கி வந்தது. அழகாக ஒன்றும் இருந்திருக்காது. அதனால் என்ன? நான் போட்டிக்குப் போகவில்லை, சான்றிதழ் கேட்கவில்லை. எங்கள் ஊரில் செஸ் விளையாடினாலும் 'எந்த கிளாஸ், என்ன ரேங்க்' என்று கேட்பார்கள். சும்மா விளையாடினேன், மாமா.

வெள்ளைக்காரன் விளையாட்டு என்பதற்கும் ஒரு வார்த்தை. அலைமேல் ஏறிக் கட்டுமரத்தைக் கரை சேர்ப்பது நம் மீனவர்களுக்குப் புதிதா? சென்னை பக்கத்துக் கோவளத்தில் சர்ஃபிங் பள்ளி தொடங்கிய மூர்த்தி மீனவர்தான். 2025 ஆகஸ்ட்டில் ஆசிய சர்ஃபிங் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது, ரமேஷ் புதிஹால் வெண்கலம் வாங்கினார்.

சித்தப்பா ஒக்கி புயலைச் சொல்கிறார். 2017ல் செய்தி போய்ச் சேரும் முன்பே ஆழ்கடலில் இருந்தவர்கள் செத்தார்கள், பிழைப்புக்குப் போனவர்கள். அதை என் விளையாட்டோடு சேர்த்துப் பேசுவது அவர்களுக்கு மரியாதை இல்லை.

திமிரைப் பார்க்க வேண்டுமென்றால் மதுரையில் வைகைக் கரை யானைக்கல்லுக்கு வாருங்கள். வைகை அணையின் மொத்த உயரம் 71 அடி. 66 அடியில் முதல் எச்சரிக்கை, 68.5ல் இரண்டாவது, 69ல் மூன்றாவது. இதெல்லாம் பேப்பரில் வரும், ரேடியோவில் வரும். தண்ணீர் மதுரைக்கு வந்ததும் தரைப்பாலத்து ஓரத்தில் கைக்குழந்தையோடு நின்று செல்ஃபி எடுப்போம். பயல்கள் குதிப்பார்கள். அந்தத் தண்ணீரில் என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது, ஆகாயத்தாமரை, முள், மரக்கிளை எல்லாம் சேர்ந்து வரும். யாரிடமும் யாரும் கேட்பதில்லை. 'நம்ம ஆறுதானே' என்ற தைரியம். அந்தப் படங்களுக்குக் குடும்பக் குழுவில் இதயக்குறி விழுகிறது, சித்தப்பா போட்டதும் உண்டு. தேதியோடு என்னிடம் இருக்கிறது.

காற்று மாறியதும் ஏறிவிட்டோம். காதுகுத்துக்கு நேரத்துக்குப் போய்விட்டேன். என் தலையில் மணல் இருந்ததை அக்கா மட்டும் பார்த்தாள்.

அந்த டிசம்பர் 12, 13ல் தென்காசி, நெல்லை, தூத்துக்குடியில் மழை கொட்டியது, தாமிரபரணி கரை புரண்டது. அதற்கு முந்தின நாளே நண்பன் கூப்பிட்டான். "அலை பெருசா வரும். வராத. நானும் போகல."